விடுதலை மணியின் விரிசல்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இருக்கும் விடுதலை மணியைப் படத்திலாவது பார்த்திருப்போம். விளிம்பிலிருந்து மேலேறும் அந்த அகலமான பிளவு தானாக விட்டதல்ல. கீறலைச் சரிசெய்யப் போனவர்கள் உண்டாக்கியது.

பென்சில்வேனியா சட்டமன்றம் 1751-இல் லண்டன் வைட்சேப்பல் வார்ப்பகத்தில் இந்த மணியைச் செய்யச் சொன்னது. மறு ஆண்டு வந்து இறங்கியதும் அடித்துப் பார்த்தார்கள், கீறல் விட்டது. உள்ளூர் வார்ப்புக்காரர்கள் ஜான் பாஸ், ஜான் ஸ்டோ இருவரும் செம்பைக் கூட்டி மறுபடி வார்த்தார்கள். நாதம் எடுபடவில்லை. 1753-இல் மீண்டும் உருக்கி வார்த்ததே இன்றுள்ள மணி. எடை சுமார் 940 கிலோ.

மணி வெண்கலத்தின் சூட்சுமம் இங்கேதான். வெள்ளீயம் கூடினால் உலோகம் கெட்டிப்படும், கார்வை நீளும். கூடவே எளிதில் விரிசல் விடும். செம்பு கூடினால் வலு கூடும், ஒலி மங்கும். இந்த மணியில் செம்பு சுமார் 70 விழுக்காடு, வெள்ளீயம் சுமார் 25.

1840-களில் மெல்லிய கீறல் ஒன்று ஓடியது. கீறல் விட்ட மணி அதிரும்போது அதன் இரு ஓரங்களும் உரசி நாதத்தைக் கெடுக்கும். 1846 பிப்ரவரியில் ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாளுக்கு அடிப்பதற்காக, ஓரங்கள் தொடாதபடி கீறலைத் துளையிட்டு அகலமாக்கினார்கள். உற்றுப் பார்த்தால் 40-க்கும் மேற்பட்ட துளைத் தடங்கள் இன்றும் தெரியும். ஆனால் மயிரிழை போன்ற இன்னொரு கீறல் மேலே கிளம்பி, ‘லிபர்ட்டி’ என்று பொறித்த எழுத்துகளின் ஊடே ஓடியது. அதோடு மணி ஓய்ந்தது.

1776 ஜூலை 4 அன்று சுதந்திரத்தை முழங்கிய மணி இது என்பார்கள். அதற்குச் சான்று இல்லை; 1847-இல் ஜார்ஜ் லிப்பர்ட் எழுதிய கதை பரப்பிய நம்பிக்கை அது. பெருமை வந்த வழி வேறு. நாட்டில் வாழும் எல்லோருக்கும் விடுதலையை அறிவிக்கச் சொல்லும் பைபிள் வாசகம் மணியின் மேற்புறத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் என்றால் அடிமைகளுக்கும்தானே என்று 1830-களில் அடிமை முறையை எதிர்த்தவர்கள் கேட்டார்கள். ‘விடுதலை மணி’ என்ற பெயரை நிலைநாட்டியதும் அவர்களே. 1915-இல் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடியவர்கள் இதே வடிவில் ஒரு மணி வார்த்து, அதன் நாக்கைச் சங்கிலியால் கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1920-இல் உரிமை கிடைத்த பிறகே அடித்தார்கள்.

சட்டமன்றக் கோபுரத்துக்காக வார்த்த மணியை நாட்டின் சின்னமாக்கியவர்கள், அதில் பொறித்த வாக்கு தங்களுக்கும் செல்லும் என்று உரிமை கேட்டவர்களும், அவர்களுக்குத் துணைநின்றவர்களும்தான்.