பி.எச். மானியின் உள்ளமைப்பு

மண் பரிசோதனை நிலையங்களில் மண்ணின் அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மானியின் உறையைத் திறந்து பார்ப்போர் சற்று ஏமாற்றமே அடைவர். மின்மாற்றி ஒன்று, பெருக்கி ஒன்று, சில மின்தடைகள், அளவைக் காட்டும் பகுதி. வானொலிப் பெட்டியில் இவற்றினும் மிகுதியான உறுப்புக்கள் உண்டு. கருவியின் நுட்பமெல்லாம், மின்வாயின் கம்பி வந்து சேரும் சிறிய இடத்தில்தான் அடங்கியிருக்கிறது.

மெல்லிய கண்ணாடிக் குமிழே இதன் மின்வாய். உள்ளிருக்கும் கரைசலுக்கும் வெளிக் கரைசலுக்கும் அமிலத்தன்மையில் உள்ள வேற்றுமைக்கேற்பக் கண்ணாடியின் இருபுறமும் மின்னழுத்தம் தோன்றுகிறது. பி.எச். 7-இல் இது ஏறத்தாழ சுழி. 25° செல்சியஸில் ஒவ்வோர் அலகு மாற்றத்திற்கும் 59.16 மில்லிவோல்ட்டு. இவ்வழுத்தத்தை அளப்பது எளிதே போலத் தோன்றும். ஆனால் கண்ணாடியின் மின்தடை 10 கோடி ஓம் அளவினது. சாதாரண வோல்ட்டுமானி இழுக்கும் மின்னோட்டத்திலேயே அழுத்தம் முழுதும் கரைந்துபோகும். கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளப்பதற்காக 1934-இல் ஆர்னால்டு பெக்மன், மின்வாயுடன் வால்வுப் பெருக்கியை இணைத்தது இவ்விடரை நீக்கவே.

இன்று வால்வின் இடத்தில் புலவிளைவு டிரான்சிஸ்டர் அமைந்துள்ளது. அது இழுக்கும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரின் இலட்சம் கோடியில் ஒரு பங்காயின், இழப்பு 0.1 மில்லிவோல்ட்டே. நல்ல கருவிகளில் அதன் உள்ளீட்டு முனை சுற்றுப் பலகையைத் தொடாது, டெஃப்லான் தாங்கியின்மீது நிற்கும். அல்லது அதே அழுத்தத்தில் வைக்கப்பட்ட காப்பு வளையம் அதனைச் சூழ்ந்திருக்கும். இருபுறமும் அழுத்தம் சமமாதலால் கசிவுக்கு வழியில்லை.

செருகியின்மீது படியும் ஈரமும் விரல் வியர்வையும் இவ்வமைப்பை வீணாக்கிவிடும். அங்கே 100 கோடி ஓம் உள்ள கசிவுப் பாதை ஒன்று ஏற்பட்டால், அழுத்தத்தில் 11-இல் ஒரு பங்கு குறையும், உண்மையில் 4.0 ஆன மண், 4.27 எனக் காட்டும். அதனை நம்பிச் சுண்ணாம்பு இடும் உழவர் தேவைக்குக் குறைவாகவே இடுவார்.

பி.எச். 7 தாங்கல் கரைசலை மட்டும் வைத்துச் சரிபார்ப்போருக்கு இப்பிழை புலப்படாது. சுழி அழுத்தத்தில் கசிந்து குறைவதற்கு ஏதுமில்லை அன்றோ! எனவே 4 அல்லது 9.2 கரைசலிலும் சோதித்தல் இன்றியமையாதது. சில நிமிட வேலைதான். எக்கரைசலில் அமிழ்த்தினும் 7-ஐ விட்டு அகலாத மானி, பெரும்பாலும் குமிழில் விரிசலையோ கம்பியில் குறுக்கிணைப்பையோ உடையது.

இரண்டாம் கரைசலில் அளவு பிழையாயின், உடனே சரிவுக் குமிழைத் திருகிப் பிழையை மறைத்தல் தகாது. ஈரம் மாறும்போது பிழையும் மாறும். முதலில் செருகியைத் தூய ஆல்கஹால் தோய்ந்த பஞ்சினால் துடைத்து, நன்கு உலர்த்தி, மீண்டும் சோதிக்க வேண்டும். மழைக்காலத்தில் செருகியின் அருகே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வைத்தல் நலம்.