கருங்கோழியின் குலம் காப்போம்

கோழியின் இறகு எந்நிறத்ததாயினும் அதன் எலும்பு வெண்மையே என்று நாம் எண்ணுவதுண்டு. ஆனால் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், மலைப்பாங்கான ஜாபுவா மாவட்டத்தில், இறகு மட்டுமன்றித் தோல், தசை, எலும்பு, நாக்கு யாவும் கருமை படர்ந்த கோழியினம் ஒன்று உண்டு. அதுவே கடக்நாத். பில், பிலாலா என்னும் பழங்குடியினர் இதனைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்துள்ளனர். 2018 ஆம் ஆண்டில் ஜாபுவா கடக்நாத் இறைச்சிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது.

இத்தகைய இனங்களுக்கு நேரும் பெருங்கேடுகளுள் ஒன்று கலப்பாகும். கருமையை நல்கும் மரபணு ஓங்குதன்மை உடையது. ஆதலின் பிற இனத்தோடு கலந்து பிறக்கும் குஞ்சும் கருமையாய்த் தோன்றக்கூடும். நிறத்தை மட்டும் நம்பினால் கண் ஏமாறும், குலம் கெடும்.

ஆகவே இதனை வீட்டில் வளர்ப்போர் தனிக்கூடு அமைத்தல் வேண்டும். வேற்றுச் சேவலோடு திரிந்த பேட்டைப் பிரித்து, மூன்று வாரங் கழிந்த பின்னரே அடைக்கு முட்டை சேர்த்தல் நன்று. ஏனெனில், முந்திய சேவலின் வித்து இரண்டு வாரத்துக்கு மேலும் பேட்டின் உடலில் நிலைத்திருக்கும். உடன்பிறந்தவற்றையே தொடர்ந்து இணைத்தால் குஞ்சுகள் நலியும். அதே இனத்து, உறவில்லாத சேவலை இடையிடையே சேர்த்தல் வேண்டும்.

முட்டையோ கருமையன்று, இளந்தவிட்டு நிறத்தது. கடக்நாத் பேடு அடைகாப்பதில் ஊக்கமற்றது. அடைகிடக்கும் ஊர்க்கோழியின் கீழ் முட்டைகளை வைத்தால் 21 நாளிற் குஞ்சு பொரிக்கும்.

எம்முட்டை எச்சேவலுக்குரியது என்பதைக் குறிக்கும் சிறு கொப்பியே குலங்காக்கும் பெருங்கருவி. அப்பணியை வீட்டிலுள்ள மாணவரிடம் ஒப்படைப்போமாக.