எட்டு கேபி பக்கத்துக்குள் ஒரு வீடியோ

டேட்டாபேஸ் என்பது பெயர், தேதி, தொகை போன்ற பொடித் தகவல்களை அட்டவணை போட்டு வைக்கப் பிறந்தது. அதனிடம் 20 எம்பி வீடியோவை நீட்டினால் மறுக்காது, வாங்கிக்கொள்ளும். எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸை எடுத்துக்கொள்வோம். அது எதையும் வழக்கமாக 8 கேபி பக்கங்களில்தான் எழுதும். அட்டவணையின் ஒரு வரிசை ஒரு பக்கத்துக்குள் அடங்கியாக வேண்டும். வரிசை ஏறக்குறைய 2 கேபியைத் தாண்டியதுமே ‘டோஸ்ட்’ என்ற ஏற்பாடு வேலையைத் தொடங்கிவிடும். முதலில் சுருக்கிப் பார்க்கும். வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்ட சரக்கு, அதனிடம் அந்தப் பருப்பு வேகாது. அடுத்து, சுமார் 2,000 பைட் துண்டுகளாக நறுக்கி, எண் போட்டு, மறைவாக உள்ள இன்னோர் அட்டவணையில் அடுக்கும். மூல வரிசையில் மிஞ்சுவது ஒரு சுட்டி மட்டுமே. நம் வீடியோ இப்போது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள்! கேட்கும்போது அத்தனையையும் கோத்துத் தர வேண்டும். போதாததற்கு, திடீரென்று மின்சாரம் போனாலும் தரவு தப்பிக்கவேண்டும் என்று எழுதப்படும் ‘வால்’ பதிவேட்டிலும் இதே பைட்டுகள் இன்னொரு முறை ஏறும்.

இந்த வழிக்கு உச்சவரம்பு 1 ஜிபி. ‘லார்ஜ் ஆப்ஜெக்ட்’ என்ற மாற்றுவழியில் 4 டிபி வரை போகலாம், நடுவிலிருந்தும் படிக்கலாம். ஆனால் வரிசையை அழித்தால் அது சுட்டும் ஆப்ஜெக்ட் தானாக அழியாது. அநாதையாகக் கிடப்பவற்றைக் கூட்டிப் பெருக்கவே ‘வேக்யூம்எல்ஓ’ என்று தனிக் கருவி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? ஒரு மருத்துவமனையில் எல்லாவற்றையும் டேட்டாபேஸிலேயே வைத்தால், நோயாளியின் விவரமும் எக்ஸ்ரே படமும் சேர்ந்தே பதிவாகும். இல்லையென்றால் இரண்டுமே பதிவாகாது. பேக்கப்பிலும் இரண்டும் ஒரே நேரத்து நிலவரமாக இருக்கும். இந்த நிம்மதி சின்ன விஷயமல்ல.

2006இல் ரஸ்ஸல் சியர்ஸ், கேத்தரின் வான் இங்கன், ஜிம் கிரே என்ற ஆய்வாளர்கள் மூவரும், எதில் வைத்தால் வேகம் என்று அறிய, எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸையும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறையையும் மோதவிட்டுப் பார்த்தார்கள். 256 கேபிக்குக் கீழே டேட்டாபேஸ் முந்தியது. 1 எம்பிக்கு மேலே கோப்பு முறை. இடைப்பட்ட அளவுகளில், எத்தனை முறை மாற்றி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து வெற்றி மாறியது. வன்பொருள் மாறிவிட்ட இந்நாளில் அந்த எண்களை அப்படியே பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. போக்கு என்னவோ அதுதான்.

ஆகவே வீடியோ டிஸ்க்கில், அதன் முகவரி மட்டும் அட்டவணையில் என்பதே பெரும்பாலோர் வழக்கம். அழிக்கும்போது எதை முதலில் அழிக்கிறோம் என்பது முக்கியம்: முதலில் அட்டவணைப் பதிவு, அந்த அழிப்பு உறுதியான (கமிட்) பிறகே கோப்பு. இடையில் ஏதாவது பழுதானால் வேண்டாத கோப்பு ஒன்று மிஞ்சும், அவ்வளவுதான். தலைகீழாகச் செய்தால், இல்லாத வீடியோவுக்கு அட்டவணை வழிகாட்டிக்கொண்டிருக்கும்.