திரைக்கு ஒரு குறுக்கு வழி

ரயில்வே கேட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரயில் வருவதற்கு முன் அதை மூடிவிட வேண்டும். ரயில் கடந்து போனபின் கேட் கீப்பர் எவ்வளவு ஒழுங்காக மூடினாலும் பயன் உண்டா? செய்தது சரியான வேலைதான். ஆனால் காலம் தவறிவிட்டது. எனவே அது தவறான வேலையே!

கணிப்பொறிக்கும் இத்தகைய பொறுப்புகள் உண்டு. தொழிற்சாலையில் ஓர் இயந்திரக் கையை இயக்கும் கணிப்பொறி, விநாடிக்கு 1000 முறை அதன் நிலையை அளந்து மோட்டாருக்குக் கட்டளை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் அவகாசம் 1 மில்லி விநாடிதான். இவ்வாறு குறித்த நேரத்திற்குள் முடித்தே ஆகவேண்டிய வேலையை 'நிகழ்நேரப் பணி' என்பர்.

லினக்ஸ் போன்ற இயக்க அமைப்பு பல வேலைகளை மாற்றி மாற்றிக் கவனிக்கும். எது எப்போது முடியும் என்ற உறுதி கிடையாது. 1990களில் அமெரிக்காவில், நியூ மெக்சிகோ சுரங்கவியல் மற்றும் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த விக்டர் யோடைக்கன், மைக்கேல் பரபனோவ் ஆகியோர் இதற்கு ஒரு வழி கண்டனர். கெர்னல் என்பது இயக்க அமைப்பின் மையப் பகுதி. லினக்சுக்கு அடியில் அவர்கள் ஒரு சிறிய நிகழ்நேரக் கெர்னலை வைத்தனர். நிகழ்நேரப் பணிகளுக்கே முதலிடம். அவை ஓய்ந்திருக்கும்போதுதான் லினக்சுக்கு முறை வரும். இதுவே ஆர்.டி.லினக்ஸ். இதில் நிகழ்நேரப் பணிகளைக் கெர்னலோடு இணையும் 'மாட்யூல்' என்ற நிரல் துண்டுகளாக எழுதுவர்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. பணி சரியாக நடக்கிறதா என்று திரையில் பார்க்க வேண்டாமா? 'இதைக் காட்டு' என்று லினக்சைக் கேட்டால் அதன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். லினக்சோ, நிகழ்நேரப் பணி முடியட்டும் என்று காத்திருக்கும். இரண்டுமே உறைந்துவிடலாம்! செய்தி சொல்வதற்காகக் கேட் கீப்பர் நிலையம் வரை நடந்து போனால் கேட் என்னாவது? பக்கத்தில் ஒரு கரும்பலகை இருந்தால் எழுதிவிட்டுத் திரும்பலாம் அல்லவா?

அந்தக் கரும்பலகைதான் வீடியோ நினைவகம். 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யின் வண்ணத் திரை அட்டையில் தொடங்கிய வழக்கம் இது. எழுத்துத் திரைக்கான நினைவகம் 7,53,664 என்ற முகவரியில் தொடங்கும். திரையில் 25 வரிகள். வரிக்கு 80 எழுத்துகள். ஒவ்வோர் எழுத்துக்கும் 2 பைட்டுகள்: முதல் பைட் எழுத்தைக் குறிக்கும் எண், அடுத்தது அதன் நிறம். ஆக மொத்தம் 4000 பைட்டுகள். பின்னர் வந்த வி.ஜி.ஏ. அட்டை இவற்றை விநாடிக்கு 70 முறை படித்துத் திரையில் வரையும்.

திரையின் நடுவே ஓர் எழுத்து வேண்டுமா? 0 முதல் எண்ணினால் 12ஆம் வரி, 40ஆம் இடம். (12 × 80 + 40) × 2 = 2000. ஆகவே 7,55,664 என்ற முகவரியில் 65 என்றும், அடுத்த பைட்டில் 4 என்றும் மாட்யூல் எழுதினால், கருப்புத் திரையில் ஆங்கில எழுத்தான 'ஏ' சிவப்பாகத் தோன்றும். யாரையும் கேட்கவேண்டியதில்லை, காத்திருக்கவும் வேண்டியதில்லை.

ஆனால் எச்சரிக்கை தேவை. சாதாரண நிரல் தனக்கு உரிமையில்லாத முகவரியில் எழுத முயன்றால் இயக்க அமைப்பு தடுத்துவிடும். கெர்னலுக்குள் இயங்கும் மாட்யூலைத் தடுப்பார் யாருமில்லை. முகவரிக் கணக்கில் பிழை நேர்ந்தால் வேறொரு தகவல் அழிந்து கணிப்பொறியே நின்றுபோகலாம். இயந்திரக் கையின் கதி என்ன? ஆகவே எழுதுமுன் கணக்கிட்ட எண் 0 முதல் 3999க்குள் இருக்கிறதா என்று சோதிப்பது அவசியம்.

இன்றைய கணிப்பொறிகள் பலவும் படத்திரையிலேயே தொடங்குவதால் இந்தப் பழைய முகவரி அவற்றில் பயன்படாது. 2024இல் வெளிவந்த லினக்ஸ் 6.12 நிகழ்நேர வசதியைத் தன்னுள்ளேயே ஏற்றுக்கொண்டது. அதற்குக் கடைசிவரை தடையாக நின்றது எது தெரியுமா? செய்திகளைத் திரைக்கு அனுப்பும் பகுதியேதான்!

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. திரையின் கடைசி எழுத்துக்குரிய முகவரி என்ன? 7,57,662 என்று வந்தால், கரும்பலகையில் எழுத நீங்கள் தயார்!