எவர் கார் நல்ல கார்?

கார் வைத்திருக்கும் இருவர் சந்தித்துக்கொண்டால், வீட்டு நலமும் விலைவாசியும் பேசி முடித்த பிறகு, பேச்சு தத்தம் வண்டியின் பக்கம் திரும்புவது இயல்பு. "நம் வண்டி லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுக்கிறது" என்பார் ஒருவர். "நம்முடையது வாங்கிப் பத்து ஆண்டாயிற்று, ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை" என்பார் மற்றவர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு அல்லவா? இப்பேச்சு பொழுதுபோக்கு என்ற அளவில் நின்றுவிட்டால் கேடில்லை. ஆனால் இதைக் கேட்டு மயங்கி, நல்ல நிலையில் உள்ள வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, ஏழாண்டுத் தவணையில் புது வண்டி வாங்கி, மாதந்தோறும் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. அதைப்போலவே, பழையதே போதும் என்று பிடிவாதமாக இருந்து, காப்புச் சாதனம் ஒன்றும் இல்லாத வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் விரைவோரும் உண்டு. ஆகவே, நம்மிடம் உள்ள வண்டியையும் அடுத்தவரிடம் உள்ள வண்டியையும் எவ்வாறு ஒப்பிடுவது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்குக் கோலார் தங்கவயலைக் களமாகக் கொள்வது பொருத்தமாகும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கப் பணியை மேற்கொண்ட காலந்தொட்டு, வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழரின் உழைப்பால் வளர்ந்த ஊர் அது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின்னர் ஊராரில் பெரும்பகுதியினர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரையே பிழைப்புக்கு நம்பலாயினர். மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் ரயிலேறி, நாள்தோறும் பெங்களூர் சென்று திரும்புவோர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். ஊரோ கர்நாடகத்தின் ஓரத்தில் இருக்கிறது. ஆந்திர எல்லை மிக அருகில். அதைக் கடந்தால் தமிழ்நாடு. தங்கவயலிலிருந்து வெங்கடகிரிக்கோட்டை, பேரணாம்பட்டு வழியாக வேலூரில் நடக்கும் உறவினர் திருமணத்துக்குச் செல்லும் குடும்பம், ஒரே நாளில் மூன்று மாநிலச் சாலைகளில் ஓடுகிறது; இடையே மலைப்பாதையிலும் இறங்குகிறது. ஆகவே இவ்வூர்க் கார் ஒன்று, ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்கும் வேண்டும், பெங்களூர் நெடுஞ்சாலைக்கும் வேண்டும், மலை இறக்கத்துக்கும் வேண்டும். வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் பலருடைய நிலையும் ஏறக்குறைய இதுவே.

முற்காலத்தில் ஒப்பிடுவது எளிதாக இருந்தது. ஏனெனில் ஒப்பிடுவதற்கு உரிய வண்டிகளே இரண்டு மூன்றுதான். பிரிட்டிஷ் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1957 முதல் கட்டப்பட்ட அம்பாசிடர் ஒன்று. பம்பாய் குர்லாவில் கட்டப்பட்டுப் பின்னர் பத்மினி என்று பெயர் பெற்ற பியட் மற்றொன்று. சென்னையில் 1961 முதல் கட்டப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு மூன்றாவது. இடவசதிக்கும் கரடுமுரடான சாலைக்கும் அம்பாசிடர், ஓட்டுவதற்கு எளிமைக்குப் பியட் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். 1983 டிசம்பர் 14-இல் முதல் மாருதி 800 கார் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 796 கன சென்டிமீட்டர் அளவே உள்ள அதன் சிறிய எஞ்சின், நடுத்தரக் குடும்பத்தாருக்கும் காரை எட்டச் செய்தது. 1998-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. இன்றோ வகைகள் பெருகி, பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, மின்சாரம் என்று உணவும் பலவாகிவிட்டது. ஆகவே பழைய அளவுகோல் போதாது. செலவு, சாலை, காப்பு, பத்திரம் ஆகிய நான்கினைக் கொண்டு அளப்பதே தக்கது.

முதலாவது செலவு. "லிட்டருக்கு எத்தனை?" என்ற கேள்விக்கு வரும் விடைகளில் பெரும்பாலானவை ஊகமே. கம்பெனி விளம்பரத்தில் காணும் எண், சோதனைக்கூடத்தில் வகுத்த முறைப்படி ஓட்டி எடுத்தது. நம் தெருவில் எடுத்ததன்று. வண்டியிலுள்ள சிறு திரை காட்டும் எண்ணும் சற்று முன்பின்னாக இருக்கக்கூடும். உண்மையை அறிய எளிய வழி ஒன்றுண்டு. டாங்கியை நிரப்பி, ஓடிய தொலைவைக் குறித்துக்கொள்க. மறுமுறை அதே பம்பில் அதேபோல நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுக்க. ஒருமுறை செய்தால் போதாது. நான்கைந்து முறை செய்து சராசரி காண வேண்டும். கூடவே, ஓடியது ஊருக்குள்ளா, நெடுஞ்சாலையிலா என்பதையும் எழுதி வைக்க வேண்டும். பெங்களூர்ச் சாலையில் ஓடும் வண்டியையும், பள்ளிக்கூட வாசலிலும் காய்கறிக் கடையிலும் நின்று நின்று செல்லும் வண்டியையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது முறையன்று.

எரிபொருள் வேறுபடும்போது மற்றொரு மயக்கம் எழுகிறது. இயற்கை எரிவாயு கிலோவில் விற்கப்படுகிறது, பெட்ரோல் லிட்டரில். ஒரு கிலோ எரிவாயுவில் அடங்கிய ஆற்றல் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாகும். ஆகவே "நம் வண்டி கிலோவுக்கு இருபத்தைந்து" என்பாரையும் "நம் வண்டி லிட்டருக்குப் பதினேழு" என்பாரையும் நேருக்கு நேர் நிறுத்துவதில் பொருளில்லை. ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று கேட்பதே சரியான கேள்வி. மின்சாரக் காருக்கும் இக்கேள்வியே பொருந்தும். மேலும், எரிவாயு சிலிண்டர் பெரும்பாலும் பின்பெட்டியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதையும், அதைக் குறித்த காலத்தில் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

பெட்ரோலிலும் ஒரு மாற்றம் வந்துள்ளது. 2025-இல் நாடெங்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கத்துக்கு வந்துவிட்டது. எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் குறைவு. கலப்பற்ற பெட்ரோலுக்காக வகுக்கப்பெற்றுப் பத்து விழுக்காட்டுக் கலப்புக்கு ஒழுங்குசெய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் ஆறு ஏழு விழுக்காடு வரை ஓட்டம் குறையலாம் என்று 2021-இல் நிதி ஆயோக் அறிக்கை மதிப்பிட்டது. ஆகவே சென்ற ஆண்டுகளின் கணக்கோடு இன்றைய கணக்கு ஒத்து வராவிடில், மெக்கானிக்கைக் கடிந்துகொள்ளுமுன் இதனையும் நினைவிற் கொள்க. பழைய வண்டியாயின் எரிபொருள் செல்லும் ரப்பர்க் குழாய்களை ஒருமுறை பார்த்து மாற்றிக்கொள்வது நலம்.

இனி ஓர் உதாரணக் கணக்கு. கணக்கு எளிதாக இருக்கப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கொள்வோம். ஒரு வீட்டில் பழைய சிறு கார்; லிட்டருக்கு 15 கிலோமீட்டர். அடுத்த வீட்டில் புதிய கார். லிட்டருக்கு 20 கிலோமீட்டர். முதல் வீட்டார் பெங்களூருக்கு ரயிலில் செல்வோர். கார் ஞாயிற்றுக்கிழமைக்கும், ஆஸ்பத்திரிக்கும், ஊர்த் திருவிழாவுக்கும் மட்டுமே. ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் என்போம். பழைய வண்டிக்குச் செலவு ஏறக்குறைய 33,300 ரூபாய். புதியதற்கு 25,000 ரூபாய். வேறுபாடு 8,300 ரூபாய்தான். புது வண்டிக்கு வட்டியாகவும், ஆண்டுதோறும் அதன் விலை குறைவதாலும் நேரும் இழப்பு இதைப்போலப் பன்மடங்கு. ஆகவே இவ்வீட்டார் பெட்ரோல் மிச்சத்தை எண்ணி வண்டி மாற்றுவது, ஈயைப் பிடிக்க வீட்டை விற்பது போலாகும். ஆனால் அடுத்த வீட்டார் தொழில் நிமித்தம் ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓட்டுவோராயின், அதே வேறுபாடு ஏறக்குறைய 41,700 ரூபாயாகிறது. அவருக்கு மாற்றுவது நியாயமாகலாம். வண்டிகள் இரண்டும் அவையே. ஓட்டம் மாறியபோது தீர்ப்பும் மாறியது.

இரண்டாவது சாலை. ஐவரும் மூட்டை முடிச்சும் ஏறியபின் வண்டி தாழ்கிறது. அப்போது வேகத்தடையில் அடிப்பாகம் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். கடையில் வெறுமையாக நிற்கும் வண்டியின் உயரத்தைக் கேட்டறிவதில் பயனில்லை. மலை இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் இறங்கும்போது எஞ்சின் பிடித்து நிறுத்துகிறதா என்பதும் ஒரு சோதனை. தங்கவயலுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. சயனைடு மேடுகள் என்று ஊரார் வழங்கும் சுரங்கக் கழிவுமண் குன்றுகளிலிருந்து காற்றுக் காலத்தில் மென்தூசி பறந்து வருகிறது. தூசி மிகுந்த ஊரில் காற்று வடிகட்டி விரைவில் அடைபடும்; அடைபட்டால் எஞ்சின் திணறும், எரிபொருள் கூடும். ஒரே வகைக் கார் இரண்டில் ஒன்று நன்றாக ஓடி மற்றொன்று ஓடவில்லையெனில், பலமுறை காரணம் இத்தகைய சிறு பராமரிப்பும் டயரின் காற்றளவுமே.

உதிரிப் பொருள் கிடைப்பதையும் இங்கேயே கூறிவிடலாம். மறைமலைநகரில் தொழிற்சாலை வைத்திருந்த போர்டு கம்பெனி, இந்தியாவில் கார் கட்டுவதை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தது. அம்பாசிடரும் மாருதி 800-உம் 2014-இல் நின்றன. கட்டுவது நின்றதாலேயே வண்டி பயனற்றதாகிவிடாது. நம் ஊர்ப் பட்டறையில் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் உளரா, வேண்டிய பொருள் ஒரு வாரத்துக்குள் வந்து சேருமா என்று விசாரித்து, அதன்படி முடிவு செய்க.

மூன்றாவது காப்பு. இவ்விடத்தில் பழைய வண்டிக்காக வாதாடுவோர் சற்று அடங்க வேண்டும். 2014-இல் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறு கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. பெரியோர் காப்பில் ஐந்தும் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அவற்றுள் ஒன்றான போலோ, காற்றுப்பைகள் பொருத்திச் சோதிக்கப்பட்டபோது நான்கு நட்சத்திரம் பெற்றது. சக்கரம் திணறிச் சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும், ஓட்டுநருக்குரிய காற்றுப்பையும் 2019-இல்தான் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாயின. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் சோதனையும் நடைபெறுகிறது. ஆகவே ஊருக்குள் முப்பது, நாற்பது வேகத்தில் ஓடும் வரையில் பழைய வண்டி போதுமானதாக இருக்கலாம். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு நூறு கிலோமீட்டர் செல்வதென்றால் கதை வேறு. அத்தகைய பயணத்துக்குப் பழைய காரை வீட்டில் நிறுத்திவிட்டு ரயிலில் செல்வதே பல வேளைகளில் அறிவுடைமை. மாரிக்குப்பம் ரயிலைப் பழமையென்று எள்ளுதல் வேண்டா. எந்தக் காராயினும், பின்னிருக்கையில் உள்ளோரும் பெல்ட் அணிவது செலவில்லாத காப்பு.

நான்காவது பத்திரம். மத்திய அரசு அலுவல் நிமித்தமும் பிற தொழில் நிமித்தமும் மாநிலம் விட்டு மாநிலம் மாறும் நம் போன்றோருக்கு இதுவே பெருஞ்சுமை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும். முன்னைய அலுவலகத்திலிருந்து ஆட்சேபணையில்லாச் சான்றிதழ் பெற வேண்டும். புதிய மாநிலத்தில் வரி கட்ட வேண்டும். பழைய மாநிலத்தில் எஞ்சிய வரியைத் திரும்பக் கேட்க வேண்டும். ஆகவே தமிழ்நாட்டில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வந்த வண்டி, இவ்வளவையும் சேர்த்தால் மலிவாக இராது. அடிக்கடி இடம் மாறும் அரசு ஊழியர் முதலியோருக்கென 2021 செப்டம்பரில் பாரத் வரிசைப் பதிவெண் ஏற்பட்டது. இதற்கு வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டலாம். நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டறிவது நலம். பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாயிற்று. இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் 10,000 ரூபாயாயிற்று. பழைய காரை ஒப்பிடுவோர் இதனையும் கணக்கில் சேர்க்க.

இந்நான்கையும் நோக்கினால், எவர் கார் நல்ல கார் என்ற கேள்விக்கு வண்டியின் பெயரைச் சொல்லி விடை கூற இயலாது என்பது விளங்கும். குறைவாக ஓடி, ஊருக்குள் நின்று, ஒழுங்காகப் பராமரிக்கப்படும் பழைய கார் அவ்வீட்டாருக்கு நல்ல கார். நாள்தோறும் நெடுஞ்சாலை ஏறுவோருக்கு, எரிபொருளைக் குறைத்து உயிரையும் காக்கும் புதிய கார் நல்ல கார். ஆகவே முதலில் செய்யத்தக்கது, கையடக்கமான ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வண்டியில் வைப்பதே. ஓடிய தொலைவு, ஊற்றிய எரிபொருள், பட்டறைக்குக் கொடுத்த ரூபாய், எங்கே சென்றோம் என்ற விவரம் ஆகியவற்றை ஓராண்டு எழுதி வருக. அதன் பின்னர் அடுத்த வீட்டார் தம் வண்டியைப் புகழும்போது, அவரிடமும் அத்தகைய புத்தகம் ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த வண்டியை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்பது தானே தெரிந்துவிடும்.