கழக்கூட்டத்தில் வரைந்த தெனாலிராமன்

கிழக்கேகோட்டையிலும் சாலைக் கடைத்தெருவிலும் புழங்கும் நம்மவர்களுக்கு, கழக்கூட்டம் பஸ் என்றால் டெக்னோபார்க் வேலைக்குப் போகும் பிள்ளைகளின் பஸ். கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த அந்த வளாகத்திலே, 1999-ல் படம் வரைவதற்கென்றே ஒரு ஸ்டூடியோ தொடங்கினார்கள். டூன்ஸ் அனிமேஷன் என்று பெயர். டிஸ்னி நிறுவனத்தில் உயர்பதவி வகித்த பில் டென்னிஸ் என்ற அமெரிக்கர் அதை நடத்த இங்கே வந்தார். வீட்டில் குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் நம்ம ஊரில் வரைந்ததாக இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம் தொழிலின் அமைப்பு. வெளிநாட்டுக் கம்பெனி கதையையும், காட்சி காட்சியாக வரைந்த ஸ்டோரிபோர்டையும், பாத்திரங்களின் மாதிரிப் படங்களையும், பதிவு செய்த குரலையும் அனுப்பி வைக்கும். அந்தக் குரலுக்கேற்ப வாயும் கையும் காலும் அசைய வரைந்து கொடுப்பது இங்குள்ளவர்கள் வேலை. லேசுப்பட்ட வேலை இல்லீங்க. திரையில் ஒரு விநாடிக்கு 24 பிரேம். ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் விநாடிக்கு 12 படம் வேண்டும். 22 நிமிடத் தொடருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 15,840 வருகிறது. அசைவில்லாத காட்சிகளைக் கழித்தாலும், ஒரே காட்சியில் மூன்று நான்கு பாத்திரங்கள் வந்தால் கணக்கு மறுபடி ஏறிவிடும். இவ்வளவும் வரைந்து அனுப்பினால் பேசிய கூலி கிடைக்கும். பேரும், பொம்மையாகவும் புத்தகமாகவும் விற்று வரும் காசும் பாத்திரத்துக்கு உரியவருக்கே.

ஜப்பானின் வீடியோ கேம் துறையிலும் இதே ஏற்பாடு உண்டு. கியோட்டோவில் 1979-ல் தொடங்கிய டோசே என்ற கம்பெனி ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகளுக்கு உழைத்திருக்கிறது. பெரும்பாலானவற்றில் அதன் பெயரே இருக்காது. வெளியே சொல்லாமல் செய்து கொடுப்பதுதான் அவர்கள் வியாபாரம். அப்படிப்பட்ட கம்பெனியும் 2002-ல் நின்டெண்டோவோடு சேர்ந்து, ஸ்டாஃபி என்ற நட்சத்திர மீனை நாயகனாக்கி ஒரு விளையாட்டு செய்து, அதன் உரிமையிலும் பங்கு வைத்துக்கொண்டது.

டூன்ஸ் கையில் எடுத்தது தெனாலிராமனை. 2003-ல் அந்தத் தொடர் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்தது. சாமர்த்தியமான தேர்வு என்றே சொல்வேன். கிருஷ்ணதேவராயர் சபை விகடகவியின் கதை, தெலுங்கு வீட்டிலும் தமிழ் வீட்டிலும் பாட்டிமார் சொல்லும் பொதுச்சொத்து; எவருக்கும் ராயல்டி கட்ட வேண்டாம். குடுமியையும் வேட்டி மடிப்பையும் வரைய வெளிநாட்டிலிருந்து மாதிரி வரவேண்டியதும் இல்லை. சொந்தத் தொடர் என்றால் செலவு தன் தலையில்தான். ஓடாவிட்டால் நஷ்டமும் அப்படியே. ஆனால் ஒரு சானலுக்குக் கொடுத்த பின்னும் சரக்கு கையிலிருக்கும், இன்னொரு நாட்டுக்கும் விற்கலாம்.

வரையத் தெரிந்த பிள்ளையையும் எஞ்சினியரிங்கில்தான் சேர்ப்போம் என்று நிற்கும் பெற்றோருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருப்பது நல்லது. கை சுத்தமாக இருந்தால் கூலி வேலை கிடைத்துவிடும். கதை சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் தட்டுப்பாடு.

டூன்ஸ் பிறகு இரண்டு வழியிலும் நடந்தது. 2007-ல் மும்பை பெர்செப்ட் நிறுவனத்தோடு சேர்ந்து 'ரிட்டர்ன் ஆஃப் ஹனுமான்' படத்தைக் கொண்டு வந்தது; இயக்கியவர் அனுராக் காஷ்யப். அதற்கடுத்து வந்த 'வோல்வரின் அண்ட் தி எக்ஸ்மென்' தொடரிலும் அதன் உழைப்பு இருந்தது. அதில் பாத்திரங்கள் எல்லாம் மார்வெல் கம்பெனியுடையவை.