தை மாதச் செலவும் மாசி மாத நெல்லும்
கமக்காரக் குடும்பங்களின் கல்விச் செலவுக்கு நேரடிப் பண உதவி பயன்படும் வகை

பருவம் தவறிய உதவியாற் பயன் குறைவு என்பதைக் கமக்காரருக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. குடலைப் பருவத்திற் பாய்ச்ச வேண்டிய நீரைக் கதிர் முற்றியபின் பாய்ச்சினால் பதர் நெல்லாகிவிடாது. பசளைக்கும் இதுவே விதி. பிள்ளைகளின் படிப்புக்கு உதவக்கூடிய பணத்திற்கும் இவ்விதி பொருந்தும் என்பதையே இப்பிரசுரம் விளக்க முற்படுகின்றது.

இலவசக் கல்வியிலும் செலவு உண்டு

எமது நாட்டில் 1945ஆம் ஆண்டு, கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்களின் பெருமுயற்சியால் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1980ஆம் ஆண்டு முதற் பாடநூல்களும், 1993ஆம் ஆண்டு முதற் சீருடைத் துணியும் இலவசமாக வழங்கப்படலாயின. ஐந்து வயது தொடக்கம் பதினாறு வயது வரை பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லுதல் கட்டாயம் என 2016ஆம் ஆண்டு விதிக்கப்பட்டது.

ஆயினும் பாடசாலை வாயிலிற் கட்டணம் இல்லை என்பதனால், வீட்டுக்கும் வாயிலுக்கும் இடையிற் செலவே இல்லை என்று ஆகாது. சப்பாத்து, புத்தகப் பை, அப்பியாசக் கொப்பிகள், தையற்கூலி, பேருந்துப் பணம் என்பன பெற்றோரின் தலையிலேயே விழுகின்றன. பிள்ளை மேல்வகுப்புக்குச் செல்லச் செல்லப் பாடசாலையும் தூரமாகின்றது, செலவும் ஏறுகின்றது.

வருமானம் வரும் காலமும் செலவு வரும் காலமும்

இரணைமடு, முத்தையன்கட்டு, உன்னிச்சை முதலிய குளங்களின் கீழும், மானாவாரி நிலங்களிலும் பெரும்போக நெல் ஐப்பசி மாதத்தை அண்டி விதைக்கப்பட்டு, மாசி, பங்குனி மாதங்களில் அறுவடையாகின்றது. பாடசாலை ஆண்டோ வழக்கமாகத் தை மாதத்திலே தொடங்குகின்றது. அம்மாதத்திற் கமக்காரரின் பணம் முழுவதும் வயலிற் கிடக்கும். உழவுக்கூலி, விதைநெல், பசளை, களைநாசினி ஆகியவற்றுக்குக் கொடுத்து முடிந்திருக்கும். நெற்கதிரோ பாற்பருவத்திலேயே நிற்கும். சிறுபோக நெல்லை விற்றுப் பெற்றதில் மிஞ்சியதும் பெரும்போக உழவுடன் கரைந்துபோயிருக்கும்.

ஆகவே குடும்பத்தின் கை மிகவும் வற்றியிருக்கும் மாதத்திலேயே பாடசாலைச் செலவு வந்து நிற்கின்றது. இதனைச் சமாளிக்கப் பெற்றோர் நகையை அடைவு வைக்கின்றனர். அல்லது விளையுமுன் நெல்லுக்கு விலைபேசி வியாபாரியிடம் முற்பணம் வாங்குகின்றனர். இவ்விரண்டிற்கும் வழியில்லாத வீட்டில், “இந்தத் தவணை நிற்கட்டும்” என்று மூத்த பிள்ளை மறிக்கப்படுகின்றது. ஒரு தவணை நின்ற பிள்ளை மறு தவணை திரும்பிச் செல்வது அரிது.

அண்மைக்கால நெருக்கடி

2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடையினால் 2021/22 பெரும்போக விளைச்சல் குன்றியது. அதனைத் தொடர்ந்து 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில், அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்திற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 70 வீதத்தை அண்மித்தது. காகிதத் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளும் பிற்போடப்பட்டன. கமக்காரருக்கு நெல் குறைந்த அதே ஆண்டிற் கொப்பியின் விலை ஏறியது.

இந்நெருக்கடியை அடுத்து, 2023ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அஸ்வெசும என்னும் நலன்புரித் திட்டம் தொடங்கப்பட்டது. இதன்படி தெரிவுசெய்யப்பட்ட குடும்பத்தின் வங்கிக் கணக்கிற்குப் பணம் நேரடியாகச் செல்கின்றது. வறிய குடும்பத்திற்கு மாதம் 8,500 ரூபா வரையும், மிக வறிய குடும்பத்திற்கு 15,000 ரூபா வரையும் வழங்கப்பட்ட தொகைகள், 2025ஆம் ஆண்டு தை மாதம் முதல் முறையே 10,000 ரூபாவாகவும் 17,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. அத்துடன் 2025ஆம் ஆண்டுப் பாடசாலைப் பருவத்தின் பொருட்டு, அஸ்வெசும பெறும் குடும்பத்துப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் பாடசாலைப் பொருட்கள் வாங்க 6,000 ரூபா ஒதுக்கப்பட்டது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பர். எனினும் இந்த ஒரு கணக்கைப் பார்த்தேயாக வேண்டும். விளக்கத்தின் பொருட்டு, இரண்டு ஏக்கர் வயல் செய்து மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மூத்த மகள் அவ்வாண்டு க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகின்றாள். தை மாதத்தில் மூவருக்கும் சேர்த்து 24,000 ரூபா தேவை எனக் கொள்வோம்.

கையிற் பணமில்லாத தந்தை, கிலோ 80 ரூபா வீதம் வரப்போகும் நெல்லுக்கு விலைபேசி அத்தொகையைப் பெறுகின்றார். அதற்காக அவர் மாசியில் அளந்து கொடுக்கவேண்டிய நெல் 300 கிலோ. அறுவடைக் காலத்தில் நெல்லின் விலை கிலோ 110 ரூபாவாயின், அந்நெல்லின் பெறுமதி 33,000 ரூபா. ஒன்றரை மாதத் தவணைக்கு அவர் இழந்தது 9,000 ரூபா. அவ்விழப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வட்டியென எழுதப்படுவதில்லை. ஆதலால் அது கண்ணுக்கும் தெரிவதில்லை.

அதே குடும்பம், மாதந்தோறும் வரும் 10,000 ரூபாவில் ஐந்திலொரு பங்காகிய 2,000 ரூபாவை முந்திய மாசி தொடக்கம் எடுத்து வைத்திருப்பின், தை மாதத்தில் 24,000 ரூபா கையில் இருக்கும். நெல் முழுவதும் அறுவடை விலைக்கே விற்கப்படும். உணவுக்கே போதாத நிலையில் 2,000 ரூபா ஒதுக்க இயலாதெனின், 500 ரூபா ஒதுக்கினாலும் ஆண்டில் 6,000 ரூபா சேரும். அதுவும் 75 கிலோ நெல்லை முற்பணத்திலிருந்து மீட்டுத் தரும்.

பிற நாடுகளிற் கண்ட அனுபவம்

நேரடிப் பண உதவியாற் பிள்ளைகள் படிப்பைத் தொடர்வரோ என்பதைப் பல நாடுகள் ஆராய்ந்துள்ளன. மெட்சிக்கோ நாட்டில் 1997ஆம் ஆண்டு புரொகிரேசா என்னும் திட்டம் வறிய கிராமங்களில் தொடங்கப்பட்டது. பாடசாலை நாட்களில் நூற்றுக்கு 85 வீதத்திற்குக் குறையாமற் பிள்ளை சமுகமளித்தால், இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை தாயின் கையிற் பணம் கொடுக்கப்பட்டது. ஆராய்ச்சி நிலையத்திற் பசளையிட்ட பாத்தியையும் இடாத பாத்தியையும் ஒப்பிடுவதுபோல, 506 கிராமங்களுள் 320 கிராமங்களில் முன்னரும், எஞ்சிய 186 கிராமங்களிற் பின்னரும் திட்டத்தைத் தொடங்கி ஒப்பிட்டனர். ஆரம்ப வகுப்புக்களில் ஏலவே பெரும்பாலான பிள்ளைகள் படித்து வந்தமையால் அங்கு வேறுபாடு சிறிதே. ஆரம்பக் கல்வியை முடித்து இடைநிலைக்குச் செல்லும் படியிலேதான், சிறப்பாகப் பெண்பிள்ளைகளிடத்து, பெரும் பயன் காணப்பட்டது. அத்திட்டம் பின்னர் வேறு பெயர்களில் நடைபெற்று 2019இல் முடிவுற்றது.

கொலம்பியாவின் தலைநகராகிய பொகொற்றாவில் 2005ஆம் ஆண்டு செய்யப்பட்ட பரிசோதனை எமக்கு மேலும் பயனுள்ளது. அது நகரக் குடும்பங்களைப் பற்றியதாயினும், காலத்தின் அருமையைக் காட்டுகின்றது. ஒரு பகுதியினருக்கு உதவித்தொகை முழுவதும் இரு மாதங்களுக்கு ஒருமுறை வழங்கப்பட்டது. மற்றொரு பகுதியினருக்கு மூன்றிலிரு பங்கே அவ்வாறு வழங்கப்பட்டது. எஞ்சிய பங்கு சேர்த்து வைக்கப்பட்டு, அடுத்த ஆண்டுக்குப் பிள்ளையைப் பதியும் காலத்திற் கொடுக்கப்பட்டது. நாள்வரவு இரு பகுதியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் உயர்ந்தது. ஆனால் அடுத்த ஆண்டு வகுப்பிற் சேர்ந்தோர் தொகை, பணம் சேர்த்து வைக்கப்பட்ட பகுதியிலேயே கூடுதலாயிருந்தது.

மொறோக்கோ நாட்டின் கிராமங்களில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய பரிசோதனை வேறொன்றைக் காட்டியது. “இது பிள்ளைகளின் கல்விக்கு” என்று மட்டும் கூறி, நிபந்தனை எதுவுமின்றிக் கொடுத்த பணமும் நிபந்தனையுடன் கொடுத்த பணத்திற்குக் குறையாத பயனைத் தந்தது. தந்தையிடம் கொடுத்தாலும் தாயிடம் கொடுத்தாலும் பெரிய வேறுபாடு தோன்றவில்லை.

இவற்றால் அறியக்கூடியவை இரண்டு. பணத்திற்கு ஒரு பெயர் இருத்தல் வேண்டும். அது உரிய காலத்திற் கையில் இருத்தல் வேண்டும். அஸ்வெசும மாதப் பணம் கல்விக்கென்று பெயரிட்டு வருவதன்று. தை மாதம் வரை காத்து நிற்பதுமன்று. ஆதலால் அதற்குப் பெயரிட்டுக் காலம் வரும்வரை காத்து வைக்கவேண்டியவர்கள் பெற்றோரே.

பெற்றோர் கைக்கொள்ளவேண்டியவை

1. கார்த்திகை மாதத்திலேயே, தாயும் தந்தையும் பிள்ளைகளுடன் அமர்ந்து அடுத்த ஆண்டுக்குத் தேவையானவற்றை எழுதுக. முந்திய ஆண்டுப் பையும் சப்பாத்தும் இன்னும் உதவுமாயின் அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்குக.

2. பணம் எடுக்கும் அன்றே கல்விப் பங்கைப் பிரித்து வேறொரு சேமிப்புக் கணக்கில் இடுக. மாத முடிவில் மிஞ்சுவதைச் சேமிப்போம் எனின் ஒன்றும் மிஞ்சாது.

3. பசளை மானியமாக வங்கிக்கு வரும் பணத்தை இதனுடன் கலக்கற்க. 2024/25 பெரும்போகத்தில் நெற்செய்கைக்கு எக்டேயர் ஒன்றுக்கு 25,000 ரூபா வழங்கப்பட்டது. வயலின் பணத்தைக் கொப்பிக்குச் செலவிட்டால், மாசியில் நெல்லும் குறையும். அடுத்த தையிற் கொப்பியும் குறையும்.

4. அறுவடைக் காலத்திற் பிள்ளைகளை மறிக்கவேண்டாம். ஒரு வாரம் கூலிக்குச் சென்று கையிற் காசு கண்ட பையன், மறு வாரமும் செல்ல விரும்புவான்.

5. பிறப்பு, இறப்பு, முகவரி மாற்றம், வங்கிக் கணக்கு மாற்றம் ஆகியவற்றைக் கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்திற்கும் உடனுக்குடன் அறிவிக்குக.

6. மாணவருக்குச் சலுகை விலையில் வழங்கப்படும் பேருந்துப் பருவச் சீட்டு, ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசில் ஆகியவற்றைப் பற்றி அதிபரிடம் விசாரித்து அறிக.

முடிவுரை

பணம் ஒன்றினாலே கல்வி நிறைவுறும் என்று கொள்ளலாகாது. ஆசிரியரில்லாத வகுப்பையும், பேருந்து ஓடாத வீதியையும் ஒரு குடும்பத்தின் சேமிப்பாற் சீர்செய்ய முடியாது. அவை அரசினரும் ஊராரும் கூடிச் செய்யவேண்டியவை. ஆனால் வீட்டில் உள்ளவர்களாற் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த போகத்திற்கு விதைநெல்லை ஒதுக்காமல் முழுவதையும் அரிசியாக்கும் கமக்காரர் எவருமில்லை. வீட்டில் எத்துணைத் தட்டுப்பாடு வந்தபோதும் அந்த மூடையின் வாயை அவிழ்ப்பதற்கு மனம் ஒருப்படாது. பிள்ளையின் கொப்பிக்கென ஒதுக்கிய பணத்தையும் அவ்வண்ணமே பேணுவீர்களாயின், தை மாதத்திற் பாடசாலை மணி அடிக்கும்போது உங்கள் வீட்டுப் பிள்ளை எதுவும் வீட்டில் நிற்கவேண்டியிராது.